நெகிழ்நேரத்தின் முதல் பயனாளி

எங்கள் அலுவலகத்தின் பெயர் நீளமானது. சேர்வராயன் மலை விளைபொருள் தர மேம்பாடு மற்றும் ஒருங்கிணைப்பு மையம். பலகையில் இரண்டு வரி வரும். ஏற்காட்டு மழைக்கு வருடம் ஒருமுறை பாசி பிடித்து மேல் வரி மறைந்துவிடும். 'ஒருங்கிணைப்பு மையம்' என்பது மட்டும் மிஞ்சும். எதை ஒருங்கிணைக்கிறீர்கள் என்று ஏரி பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் சிலர் உள்ளே வந்து கேட்டிருக்கிறார்கள். பதினாறு வருடமாக அங்கே உதவியாளனாக இருக்கிறேன். எனக்கும் தெரியாது.

விவசாயிகள் காப்பிக்கொட்டையும் மிளகும் மாதிரிக்கு ஒரு பையில் கொண்டுவருவார்கள். ஈரப்பதம் பார்த்து, தரம் பிரித்து, சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இதை மாதிரி அறையில் மூன்று பெண்கள் செய்கிறார்கள். அந்த மூன்று பேர் செய்வதைப் பற்றி மீதி ஒன்பது பேர் எழுதுகிறோம். என் பங்கு, கூட்டங்களுக்கு நிகழ்ச்சிக் குறிப்பு தயாரிப்பது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறவன் இந்த வேலையில் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

போன வருடம் மகளிர் தினத்துக்கு இரண்டு நாள் முன்னால் சேலத்துத் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பெண் பணியாளர்கள் தொழிலையும் சொந்த வாழ்க்கையையும் சமமாகக் கொண்டுசெல்லும் பொருட்டு நெகிழ்நேரப் பணித் திட்டம் நடைமுறைக்கு வருகிறது. அவரவர்க்கு ஏற்ற நேரத்தில் வந்து ஏற்ற நேரத்தில் போகலாம். சுற்றறிக்கை நாலு வரி. கூட வந்த விதிமுறைகள் முப்பத்தெட்டுப் பக்கம். எல்லோரும் நாலு வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். மாதிரி அறை சிவரஞ்சனி மட்டும் நம்பினாள்.

அவள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அவள் ஊர் வாழவந்தி. அங்கிருந்து காலையில் ஆறு நாற்பதுக்கு ஒரு பஸ், அடுத்தது ஒன்பதேகாலுக்கு. ஒன்பதேகால் பஸ்ஸைப் பிடித்தால் அலுவலகத்துக்குத் தாமதம். அதனால் முதல் பஸ்ஸில் ஏறி ஏழு பத்துக்கு இறங்கி, ஏழேகாலுக்கு எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அலுவலகம் திறப்பது ஒன்பதுக்கு. ஒன்றே முக்கால் மணி நேரம், பனியில், சேலைத் தலைப்பைக் காதைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாலையில் ஐந்தரைக்கு விட்டதும் ஆறு மணி பஸ். ஊர் போய்ச் சேர ஆறு முப்பத்தைந்து ஆகும்.

அவளுடைய மகள் இளவரசிக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் நாலு பத்துக்கு விடும். வீடு காப்பித் தோட்டத்துக்குள் இரண்டு கிலோமீட்டர். வீட்டில் ஆள் கிடையாது. அப்பன் தனபால் போர்வெல் வண்டியில் வடக்கே போனால் எட்டு மாதம் கழித்துத்தான் வருவான். ஆகவே பிள்ளை வாழவந்தி பஸ் நிழற்குடையில் அம்மா வரும்வரை உட்கார்ந்திருக்கும். ஐந்து மணிவரை எதிரே கண்ணாயியின் டீக்கடை இருக்கும். அதற்குப் பிறகு யாரும் இல்லை.

அதுவரைக்கும் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தை மாதத்திலிருந்து பொழுது சாயும் நேரத்தில் காட்டுமாடு இறங்க ஆரம்பித்தது. நிழற்குடைக்குப் பின்னால் ஒரு தொட்டி இருக்கிறது, அதில் தண்ணீர் குடிக்க வரும். ஒருநாள் தண்ணீர் குடித்துவிட்டுப் போகாமல் நிழற்குடைக்கு நேரே வந்து நின்றுகொண்டது. ஆறு மணி பஸ்ஸின் வெளிச்சம் பட்ட பிறகுதான் நகர்ந்தது. பிள்ளை சிமென்ட் பெஞ்சின் மேல் ஏறி, புத்தகப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல் நின்றிருந்தது.

சுற்றறிக்கை வந்த அன்றே அவள் நிர்வாக அலுவலர் ஜீவானந்தத்தின் அறைக்குப் போனாள். குறிப்பெடுக்க நானும் இருந்தேன்.

"ஏனுங்க சார், நான் ஏழேகாலுக்கே வந்தர்றேனுங்க. ஒம்போது மணி வரைக்கும் படியில சும்மாதானுங்க உக்காந்திருக்கறேன். அந்த நேரத்துலயே வேலையத் தொடங்கிட்டா மூணே முக்காலுக்கு எட்டரை மணி நேரம் ஆயிருமுங்க. நாலு மணி பஸ்ஸுக்குப் போனா புள்ளையக் கூட்டிக்கலாமுங்க."

ஜீவானந்தம் கண்களை மூடிக் கேட்டார். அவர் கண்ணை மூடினால் அனுதாபம் என்று அர்த்தம்.

"நொம்ப நியாயமான கோரிக்கைம்மா," என்றார். "இதுக்குத்தான் திட்டமே வந்திருக்குது. நியாயமா இருக்கறதாலயே ஒடனே குடுத்தர முடியாது பாரு. நியாயமில்லாததுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லி அனுப்பிருவேன், ஒனக்கும் வேலை மிச்சம். நியாயமானதுக்கு ஒரு முறை இருக்குது."

முறை என்பது பதினோரு பக்கப் படிவம். முதல் கேள்வி, விண்ணப்பதாரருக்குச் சொந்த வாழ்க்கை உண்டா. ஆம் எனில் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று இணைக்கவும். நாலாவது, சொந்த வாழ்க்கை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது. ஒன்பதாவது, குழந்தை இருப்பின், குழந்தை நெகிழ்நேரத்துக்கு வெளியே தாயைத் தேடாது என்பதற்குக் குழந்தையின் உறுதிமொழி. இளவரசி நாலு கோடு நோட்டில் எழுதிப் பழகியிருந்ததால் நாலு கோடு போட்டுக்கொண்டு கையெழுத்திட்டது.

சான்று வாங்க அவள் ஒருநாள் விடுப்பு எடுத்தாள். விதிமுறைகளின் இருபத்திரண்டாம் பக்கத்தில், ஆறு மாதம் விடுப்பே எடுக்காதவர்களுக்குத்தான் நெகிழ்நேரம் என்று இருந்தது. சான்றோடு வந்து நின்றவளைப் பார்த்து ஜீவானந்தம் மறுபடியும் கண்களை மூடினார்.

"சான்று வாங்காம விண்ணப்பிக்க முடியாதும்மா. விடுப்பு எடுத்துட்டாலும் விண்ணப்பிக்க முடியாது. நீ ரெண்டாவதப் பண்ணிட்டே."

"அப்ப சான்று எப்படீங்க வாங்கறது?"

"அதச் சொல்றதுக்கு எனக்கு அதிகாரமில்லையே," என்றார். அதை அவர் பணிவோடு சொன்னார்.

ஆறு மாதம் அவள் காய்ச்சலோடும் வந்தாள். அந்த ஆறு மாதமும் ஏழேகாலிலிருந்து ஒன்பது வரை படியில்தான் உட்கார்ந்திருந்தாள். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் உள்ள குடியிருப்பில்தான் நான் இருக்கிறேன். காப்பி டம்ளரோடு ஜன்னலில் நின்றால் படி தெரியும். அலுவலகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று சேலத்திலிருந்து காரில் வரும் ஜீவானந்தத்திடம் இருக்கும். இன்னொன்று அவசரத்துக்கு என்று என்னிடம். ஒருநாள் தூறலில் நனைந்துகொண்டே அவள் ஜன்னல் பக்கம் வந்து, "சாவி உங்ககிட்ட ஒண்ணு இருக்குதுங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"இருக்குதும்மா. ஆனா தெறக்கச் சொல்லி ஆர்டர் இல்லியே," என்றேன்.

"செரிங்கண்ணா," என்றாள்.

அக்டோபரில் அவள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழு சேலத்திலிருந்து மலையேறியது. ஐந்து உறுப்பினர்கள், ஐவரும் ஆண்கள். ஆறாவதாக ஒரு பெண் உறுப்பினர் உண்டு. கூட்ட நேரத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். 'காரணமின்றி வரவில்லை' என்று குறிக்கச் சொன்னார்கள், குறித்தேன். கூட்டம் காலை பதினொன்றுக்கு என்று அறிவித்திருந்தோம். கொண்டை ஊசி வளைவில் ஓர் உறுப்பினருக்குக் குமட்டல், பிறகு அவர் தெளிவதற்காக ஏரியில் படகு, பிறகு சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பாட்டின் களைப்பு. நாலரைக்கு உட்கார்ந்தார்கள். சிவரஞ்சனியை ஐந்தே முக்காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஆறு மணி பஸ் போய்விடுமே என்று அவள் கடிகாரத்தைப் பார்த்தது, ஆர்வமின்மை என்று குறிப்பில் ஏறியது.

தலைமை வகித்தவர் இயக்குநர் பாக்கியநாதன். பெண்கள் முன்னேற்றம் பற்றி மாநிலம் முழுவதும் பேசுகிறவர்.

"என்னை எடுத்துக்கம்மா," என்றார். "என் மனைவி முப்பது வருஷமா நெகிழ்நேரத்துலதான் இருக்காங்க. நான் ராத்திரி ஒன்பதுக்கு வந்தாலும் சரி, பதினொன்னுக்கு வந்தாலும் சரி, சாப்பாடு சூடா இருக்கும். அவங்க எப்ப எந்திரிக்கிறாங்க, எப்பப் படுக்கிறாங்கன்னு நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அந்தச் சுதந்திரத்தை நான் கொடுத்திருக்கேன். வீட்டுல செஞ்சதைத்தான் இப்ப நிறுவனத்துல செய்யறோம்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். குமட்டல் உறுப்பினர் கோப்பைப் புரட்டிவிட்டு, "இந்தக் காட்டுமாடு தினமும் இத்தனை மணிக்குத்தான் வரும்னு எழுத்துப்பூர்வமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"அது எழுதித் தராதுங்க சார்," என்றாள் சிவரஞ்சனி.

அவள் கிண்டல் செய்யவில்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்துச் சொன்னாள். குழு அதை ஏற்றுக்கொண்டு, மாட்டின் வருகை நேரம் உறுதிப்படுத்தப்படும்வரை அதைத் தற்காலிகக் காரணமாகக் கருதலாம் என்று தீர்மானித்தது. அன்றைக்குப் பஸ் போய்விட்டது. மிளகு ஏற்றிப்போன ஒரு வண்டியில் தொங்கிக்கொண்டு அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது ஏழரை.

திட்டத்துக்குத் தகுதி பெற ஒரு பயிற்சியும் முடிக்க வேண்டியிருந்தது. வார விடுமுறையான சனிக்கிழமைகளில், நாலு வாரம். பயிற்சியாளர் சந்தோஷ், ஜீவானந்தத்தின் மச்சினன். அதற்கு முன்பு சேலத்தில் குளிர்சாதனப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தார். பெண்களை வரிசையாக நிறுத்தி, ஒரு கையில் கோப்பும் மறுகையில் சப்பாத்திக் கட்டையும் கொடுத்து, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். ஐந்து நிமிடம் நின்றால் வாழ்க்கை சமநிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமாம். சிவரஞ்சனியின் பக்கத்து மேசை லூர்துசெல்விக்கு முட்டிவலி.

"சார், ரெண்டு காலையும் ஊனிக்கிட்டுத்தானுங்க இத்தன வருசமா வேலையும் பாத்தோம், ஊட்டையும் பாத்தோம்," என்று கட்டையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் பெயருக்கு நேரே 'சமநிலை இல்லை' என்று சந்தோஷ் எழுதினார். சிவரஞ்சனி கண்ணை மூடாமல் ஐந்து நிமிடமும் நின்றாள். நாலு சனிக்கிழமையும் இளவரசியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

டிசம்பரில் ஆணை வந்தது. அவளுக்கு நெகிழ்நேரம் அனுமதிக்கப்பட்டது: காலை ஏழேகால் முதல் பிற்பகல் மூன்றே முக்கால் வரை. அவள் அந்தத் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு லூர்துசெல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் தரம் படிக்கும்போதுதான் அடிக்குறிப்பைப் பார்த்தாள். நெகிழ்நேரம் பெறுவோர் அனைவரும் மைய நேரத்தில் தவறாமல் இருக்கையில் இருக்க வேண்டும். மைய நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஐந்தரை வரை.

"அப்படீன்னா ஏழேகால்ல இருந்து அஞ்சரை வரைக்குமுங்களா சார்?" என்று கேட்டாள்.

"அப்படி ஏன் பாக்கறே," என்றார் ஜீவானந்தம். "மத்தவங்களுக்கு ஒரே நேரந்தான். ஒனக்கு ரெண்டு நேரம் குடுத்திருக்கறோம்."

ஏழேகாலுக்கு வந்து அவள் வேலையைத் தொடங்கவும் வழி இல்லை. அலுவலகம் ஒன்பதுக்குத்தான் திறக்கும். விரல் வைக்கும் வருகைக் கருவி உள்ளே இருந்தது. ஆகவே அவள் ஏழேகால் முதல் ஒன்பது வரை பழையபடி படியில் உட்கார்ந்தாள். முன்பு சும்மா உட்கார்ந்திருந்தவள், இப்போது நெகிழ்நேரத்தில் உட்கார்ந்திருந்தாள். தினமும் ஒன்பது மணிக்கு 'வருகை பதிவாகவில்லை' என்று அவளுக்கு ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் தயாராகும். தட்டச்சு செய்தது நான்தான்.

திட்டத்தின் தொடக்க விழாவை ஜனவரியில் வைத்தார்கள். ஏற்கனவே நடைமுறையில் இருப்பதைத் தொடங்கிவைக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. முதல் பயனாளியாகச் சிவரஞ்சனி பேச வேண்டும். பயன் கண்ணுக்குத் தெரிவதற்காகக் குழந்தையும் மேடையில் இருக்க வேண்டும். நாலேகாலுக்கு அலுவலக ஜீப் வாழவந்தி நிழற்குடைக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவரும் என்று ஜீவானந்தமே சொன்னார். அன்றைக்குக் காலையில் படியில் உட்கார்ந்திருந்தவள் முகத்தில் நான் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். ஒருநாளாவது பிள்ளை நேரத்தோடு தன்னிடம் வந்துவிடும் என்ற சந்தோஷம்.

விழா மூன்று மணிக்கு. இயக்குநர் வரும்வரை ஜீப் வாசலைவிட்டு நகரக்கூடாது என்றுவிட்டார் ஜீவானந்தம். இயக்குநர் வியூ பாயின்ட்டில் படம் எடுத்துக்கொண்டு நாலே முக்காலுக்கு வந்தார். வந்ததும் பொன்னாடை இல்லை என்பது தெரிந்தது. ஜீப் கடைவீதிக்குப் பறந்தது. வாங்கிவந்த பொன்னாடையின் நிறம் இயக்குநருக்குப் பிடிக்காது என்று சந்தோஷ் நினைவுபடுத்த, ஜீப் மறுபடியும் போனது. வாழவந்திக்குப் போக ஜீப்புக்கு நேரமே கிடைக்கவில்லை. மேடையில் பிள்ளைக்குப் போட்ட சிறிய நாற்காலியை எடுத்துவிட்டு அங்கே குத்துவிளக்கை நகர்த்தி வைத்தார்கள்.

ஐந்து இருபதுக்குச் சிவரஞ்சனியை ஒலிவாங்கியின் முன் நிறுத்தினார்கள். கழுத்தில் பொன்னாடை. கையில் ஜீவானந்தம் எழுதிக்கொடுத்த உரை. அப்போது அவள் செல்பேசி அடித்தது. அடிக்கக்கூடாத இடத்தில் அடித்தது என்று எல்லோரும் முறைத்தார்கள். எடுத்துக் காதில் வைத்தாள். டீக்கடைக் கண்ணாயி. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"சிவா, எங்க சாமி இருக்கறே? நான் கடையச் சாத்திட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். மாடியில இருந்து பாக்கறேன், ரெண்டு மாடு நிக்குது நெழக்கொடையில. புள்ள பெஞ்சு மேல நிக்குது. தகரத்தத் தட்டறேன், போவ மாட்டேங்குது. ஜீப்பு வரும்னியே, எங்க காணோம்?"

சிவரஞ்சனி செல்பேசியை இறக்கினாள். உரைத் தாள் கையில் இருந்தது, அதைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தாள்.

"எம் புள்ள பெஞ்சு மேல நிக்குதுங்க," என்றாள். "ஜீப்பு எங்கீங்க?"

ஒரு வாக்கியம் முடிந்தால் கைதட்ட வேண்டும் என்று பார்வையாளர்களுக்குச் சொல்லிவைத்திருந்தோம். தட்டினார்கள்.

"பதினோரு பக்கம் எழுதிக் குடுத்தேன். ஒத்தக் கால்ல நிக்கச் சொன்னீங்க, நின்னேன். ஒரு பஸ்ஸுக்கு மின்னாடி விடுங்கன்னுதானுங்க கேட்டேன். வேற எதுவும் கேக்கலீங்களே." மறுபடியும் தட்டினார்கள்.

அவள் பொன்னாடையை எடுத்துக் குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். நடக்கவில்லை, ஓடினாள். வாசலில் ஜீப் நின்றிருந்தது. சாவியோடு டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். ரோட்டில் வந்த பால் வண்டியைக் குறுக்கே நின்று மறித்து ஏறிக்கொண்டாள்.

இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பாத்தீங்களா," என்றார். "மைய நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. மேலதிகாரி எதிர்லயே, யாரையும் கேக்காம, நினைச்ச நேரத்துக்குக் கிளம்பிட்டாங்க. இந்தத் துணிச்சலைத் தர்றதுக்குத்தான் இந்தத் திட்டம். இதைவிட வெற்றி என்ன வேணும்?"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 'முதல் பயனாளி நெகிழ்நேரத்தைப் பயன்படுத்தி விடைபெற்றார்' என்று குறிப்பில் எழுதினேன்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கோப்பில் ஏற்றச் சொன்னார் ஜீவானந்தம். மறுநாள் அவளுக்கு இரண்டு கடிதம் தயாரித்தேன். ஒன்று பாராட்டுக் கடிதம். மற்றது மைய நேரத்தில் பத்து நிமிடம் இருக்கையில் இல்லாததற்கு விளக்கம் கேட்டு. இரண்டிலும் தேதி ஒன்று, கையெழுத்தும் ஒன்று. அவள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் கொடுத்தாள். வேலையை விடுவதாக மூன்று வரி.

விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்க மார்ச்சில் நான் வாழவந்திக்குப் போனேன். மணி மூன்று ஐம்பது இருக்கும். நிழற்குடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் மிளகு உருவிய கறுப்பு. பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை. வேதியியல் பட்டம் வாங்கி, ஈரப்பதக் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு கையாளத் தெரிந்தவள்.

"அங்க எப்படிம்மா நேரமெல்லாம்?" என்று கேட்டேன்.

"காத்தால ஏழரைக்குங்கண்ணா. மூணரைக்கு எஸ்டேட்டுக் கணக்கெழுதற ரைட்டர் விசில் அடிச்சு எல்லாத்தையும் அனுப்பிப்போடுவாருங்க. அதுக்கு மேல மாடு எறங்குமுங்களே."

"அதுக்கு ஏதாவது படிவம்..."

"அவருக்குக் காட்டுமாட்டப் பத்தித் தெரியுமுங்கண்ணா," என்றாள்.

கையெழுத்துப் போட்டுத் தந்தாள். கண்ணாயி கடையில் டீ வாங்கிக் கொடுத்தாள். நாலேகாலுக்கு இளவரசி பையை ஆட்டிக்கொண்டு வந்தது. வந்ததும் பழக்கத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்றது. "எறங்கு கண்ணு, அம்மா இருக்கறேன்ல," என்று சிவரஞ்சனி கையைப் பிடித்து இறக்கினாள்.

கிளம்பும்போது எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "என்மேல ஏதும் கோவம் இருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க மேல என்னங்கண்ணா கோவம். உங்களுக்குத்தான் ஆர்டர் இல்லீங்களே," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாதிரி அறையில் இப்போது இரண்டு பேர். விவசாயிகள் பையோடு மத்தியானம்வரை நிற்கிறார்கள். காலியான இடத்தை நெகிழ்நேர அலுவலர் என்ற பதவியாக மாற்றிச் சந்தோஷைப் போட்டிருக்கிறார்கள். பதினொன்றரைக்கு வருகிறார், மூன்றுக்கு மலையிறங்குகிறார். சிவரஞ்சனி மேடையிலிருந்து ஓடுகிற படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். வேறு நிறுவனத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஏப்ரலில் ஆண்டு ஆய்வு நடந்தது. பயனாளிகள் வரும் நேரத்தில் கதவு பூட்டியிருப்பது குறையாகச் சுட்டிக்காட்டப்பட்டது. உடனே எனக்கு ஆணை வந்தது: தினமும் காலை ஏழேகாலுக்கு அலுவலகத்தைத் திறக்கவும்.

திறக்கிறேன். ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஒன்பதுவரை அந்தப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், வேறு யாரும் வருவதில்லை. சாவியைப் பதினாறு வருடமாக மாட்டிவைத்திருந்த ஆணி ஜன்னலோரத்தில் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து படிக்கு எத்தனை அடி என்று ஒருநாள் நடந்து பார்த்தேன். இருபத்து மூன்று.